இஃபுக்குள் அடங்காத சார்ட்: எக்ஸ்எஸ்எல்டியோடு ஒன்பது வருடம்

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், பேக்கிங் லிஸ்ட் அச்சடிக்கும் பொறுப்பு 2016இல் என் தலையில் விழுந்தது. ஆர்டர் விவரம் எக்ஸ்எம்எல் (தகவலைப் பெயரிட்ட உறுப்புகளாக எழுதும் வடிவம்) கோப்பாக வரும். அதை, எக்ஸ்எஸ்எல்டி என்ற மொழியில் உருமாற்றும் விதிகளை எழுதிய ஸ்டைல்ஷீட் வழியாக, ஹெச்டிஎம்எல் என்ற வலைப்பக்க வடிவம் ஆக்கி பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். அன்று எழுதிய ஸ்டைல்ஷீட்தான், ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, இன்றும் ஓடுகிறது. ஓட்டுவது எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற நிரல். அதற்கு 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பு மட்டும்தான் தெரியும்.

சிக்கல் ஆரம்பித்தது பையர்களால். ஒருவருக்கு லிஸ்ட் கார்ட்டன் எண் வரிசையில் வேண்டும். இன்னொருவருக்கு முதலில் கலர், அப்புறம் சைஸ். ஆளுக்கொரு ஸ்டைல்ஷீட் வைத்தால் பராமரிக்க முடியாது என்று, ஒரே கோப்பில் ஒரு பாராமீட்டர் (ஓட்டும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) வைத்து வரிசையை மாற்றப் பார்த்தேன். வேறு மொழிகளில் எழுதிப் பழகிய கை, வரிசைப்படுத்தச் சொல்லும் சார்ட்டைத் தூக்கி, நிபந்தனை பார்க்கும் சூஸுக்குள் போட்டது. உடனே பிழை. ஒவ்வொரு வரியாக எடுத்துச் செய்யும் ஃபார்-ஈச்சுக்குள் நுழைந்ததும் முதலில் சார்ட்தான் நிற்க வேண்டும். அதைச் சுற்றி இஃபோ சூஸோ வரவே கூடாது. அது ஓடுகிற கட்டளை இல்லை, ஃபார்-ஈச்சுக்கு முன்கூட்டியே கொடுக்கிற குறிப்பு. இது புரிய எனக்குச் சில நாள் ஆனது.

சரி, எதை வைத்து அடுக்க வேண்டும் என்று சார்ட்டுக்குச் சொல்லும் செலக்டுக்குள் பாராமீட்டரை நெளிவு அடைப்பில் போட்டேன். மறுபடி பிழை. சார்ட்டின் ஆர்டரும் (ஏறுவரிசையா இறங்குவரிசையா) டேட்டா-டைப்பும் (எண்ணா எழுத்தா) நெளிவு அடைப்பை ஏற்கும், செலக்ட் ஏற்காது. அடைப்பை எடுத்துவிட்டு வெறும் பாராமீட்டரை வைத்தேன். பிழை போய்விட்டது, ஆனால் எதுவும் இடம் மாறவில்லை. ஒன்றரை நாள் மண்டையைப் பிய்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது: எல்லா வரிக்கும் சாவி (ஒப்பிட்டு அடுக்கும் மதிப்பு) ‘கலர்’ என்ற ஒரே சொல்லாக இருந்திருக்கிறது. எல்லாம் சமம் என்றால் கோப்பில் இருந்த வரிசையே அப்படியே வரும். பிழை காட்டியிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும்.

இன்றுவரை நான் வைத்திருக்கும் வழி இதுதான். வேண்டிய சார்ட் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிடுவேன். ஒவ்வொன்றின் செலக்டிலும், எடுக்கும் உறுப்புக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் நிபந்தனையை வைப்பேன்: பாராமீட்டர் ‘கார்ட்டன்’ என்றால் மட்டும் கார்ட்டன் எண். நிபந்தனை பொய்த்தால் எந்த வரிக்கும் சாவி கிடைக்காது, எல்லாம் வெற்று, எல்லாம் சமம். முடிவு அடுத்த சார்ட்டின் கைக்குப் போய்விடும். கார்ட்டன் எண்ணுக்கு டேட்டா-டைப் எண் என்று சொல்ல மறந்தால் 10ஆம் பெட்டி 9க்கு முன்னால் வந்து நிற்கும், அது எல்லாரும் ஒரு தடவை படுகிற அடி.

சைஸ்தான் உண்மையான கூத்து. எஸ், எம், எல், எக்ஸ்எல் இவற்றை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் எல் முதலில் வந்துவிடும். அதற்கு ஒரு தந்திரம்: சைஸ்களைச் சரியான வரிசையில், இடையில் செங்குத்துக் கோடு போட்டு ஒரே சரமாக எழுதி, இந்த சைஸுக்கு முன்னால் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணையே சாவியாகக் கொடுப்பது. இரண்டு வருடம் கச்சிதமாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் பேக்கிங் அண்ணன் லிஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்: “ஏனுங்க தம்பி, இந்த 3எக்ஸ்எல்லு எப்ப இருந்துங்க எக்ஸ்எஸ்ஸோட சேந்து நிக்குது?” அந்த ஆர்டரில்தான் முதன்முறையாக 3எக்ஸ்எல் வந்திருந்தது, என் சரத்தில் அது இல்லை. இல்லாத சைஸுக்கு முன்னால் இருப்பது வெற்றுச் சரம், நீளம் பூஜ்யம். பட்டியலில் முதலாவதான எக்ஸ்எஸ்ஸுக்கும் பூஜ்யமே. இப்போது அதற்கு முன்னால் இன்னொரு சார்ட் வைத்து, பட்டியலில் இல்லாததைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன், கண்ணில் படட்டும் என்று. குழந்தைகள் சைஸ் ‘3-4’, ‘11-12’ என்று வரும். அதை அப்படியே எண்ணாக்க முடியாது, நடுவில் உள்ள சிறு கோட்டுக்கு முந்தையதை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும்.

இன்னொரு குழி: அடுக்கிய பிறகு, முந்தைய வரியின் கலரோடு ஒப்பிட்டுத் தலைப்புப் போட நினைத்தேன். ‘நேவி’ என்ற தலைப்பு மூன்று தடவை அச்சானது. முந்தைய உடன்பிறப்பு என்று கேட்டால் அது பார்ப்பது மூலக்கோப்பின் வரிசையை. நாம் அடுக்கியது அதற்குத் தெரியாது. பொசிஷன் என்ற வரிசை எண் மட்டும் அடுக்கிய வரிசையைச் சொல்லும். கடைசியில் கீ என்ற தேடல் அட்டவணை வைத்துக் குழு பிரிக்கும் மியூன்கியன் முறைக்குப் போனேன்.

வீட்டில், ஜாவாவில் ஓடும் சாக்ஸன் என்ற நிரலில் எக்ஸ்எஸ்எல்டி 2.0 எழுதிப் பார்த்திருக்கிறேன். 2007இல் வந்தது அது. செலக்டுக்குள்ளேயே இஃப்-தென்-எல்ஸ் எழுதலாம், குழு பிரிக்கத் தனிக் கட்டளையே உண்டு. நான் பட்ட பாட்டில் பாதி தேவையே இல்லை. ஆனால் சார்ட்டை இஃபால் சுற்றுவது அங்கேயும் நடக்காது. ஆபீஸ் சர்வரில் ஜாவா போட விடமாட்டேன் என்கிறார்கள், அதனால் எனக்கு 1.0தான்.

பிரவுசரை நம்பியவர்கள் பாடுதான் பாவம். க்ரோம் தன்னிடமிருந்து எக்ஸ்எஸ்எல்டியை நீக்கப்போவதாக 2025இல் அறிவித்ததும், ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்கும் நண்பர் ஃபோன் செய்தார். விரலி, கிழங்கு லாட் பட்டியலை அவர் பிரவுசரிலேயே விரித்துப் பார்ப்பவர். எக்ஸ்எஸ்எல்டிபிராக்குக்கு மாற்றிக் கொடுத்தேன், ஸ்டைல்ஷீட்டில் ஓர் எழுத்து மாறவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: விலை வரிசையில், விலையே போடாத லாட் எல்லாம் தலைக்கு வந்து நிற்கிறதே, கீழே தள்ளிவிடட்டுமா? “அப்படியே இருக்கட்டும்ங்க, விக்காததத்தான் நான் மொதல்ல பாக்கோணும்” என்றார்.