வீட்டுக்கல்வி: எந்த முறை எந்த வீட்டுக்குப் பொருந்தும்?

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திட்டோம், இனி எந்த முறையில் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்கு போன் செய்கிறார்கள். எல்லோரும் பிள்ளையைப் பற்றித்தான் சொல்வார்கள். துறுதுறுப்பு, கணக்கு வராது, படம் நன்றாக வரைவான், ஒரு இடத்தில் உட்கார மாட்டான் என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள், அந்த நேரத்தில் அவர்களுக்கு வேறு என்ன வேலை? இதற்குப் பதில் தெரியாமல் மாண்டிசோரி நல்லதா, அன்ஸ்கூலிங் நல்லதா என்று பேசுவதில் பயனே இல்லை. முறைகளுக்குள் இருக்கும் பெரிய வித்தியாசம் வீட்டில் இருக்கும் பெரியவரிடம் ஒவ்வொன்றும் எவ்வளவு, எப்போது கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு கோவையில். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, நான் வீட்டிலிருந்தே மதியம் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன், அத்தை எங்களோடு இருக்கிறார். மகளை இரண்டாம் வகுப்போடு நிறுத்தி எட்டு வருடமாகிறது, இப்போது 15 வயது. மகனுக்குப் பத்து, அவன் இன்னும் பள்ளிக்கே போனதில்லை. இந்த எட்டு வருடத்தில் மூன்று முறைகளை நாங்களே செய்து பார்த்தோம், இன்னொன்றை நாத்தனார் வீட்டில் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பள்ளியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவருவது. சமச்சீர் புத்தகங்கள், சுவரில் டைம்டேபிள், முக்கால் மணிக்கு ஒரு பாடம். இதில் நல்லது நிறையவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சுப் புத்தகமும் விலை குறைவு, முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து நீங்கள் எதையும் தயார் செய்ய வேண்டியதில்லை, நாளைக்கே பள்ளிக்குத் திரும்பணும் என்றாலும் பிள்ளை அதே பாடத்தில்தான் நிற்கும். ஆனால் முக்கால் மணி நேரம் என்பது நாற்பது பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கு. ஒரே பிள்ளைக்கு அது பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி அரை மணி நேரத்துக்கு நான் மகளை நோட்டில் கேள்வி பதில் எழுத வைத்தேன். மூன்றாவது வாரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "புரிஞ்சிருச்சும்மா, அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இந்த முறை வேலைக்கு ஆகாது என்று சொல்ல வரவில்லை, ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போகும் என்றால் இதைவிடச் சரியான வழி கிடையாது. வருடக்கணக்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கப் போகிறவர்கள்தான் இதில் சோர்ந்துபோகிறார்கள், பிள்ளைக்கு முன்னால் அம்மா சோர்ந்துவிடுவார்.

அடுத்தது மாண்டிசோரி, பிள்ளை சாமான்களைக் கையால் எடுத்துச் செய்து தானாகவே கற்கும் முறை. இது நமக்கு அந்நியமான பெயர் கிடையாது. இதை உருவாக்கிய இத்தாலியப் பெண்மணி மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார், இரண்டாம் உலகப்போரில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்காக இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று, அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில் இருந்தார். மகனுக்கு மூன்று வயதானதும் ஆறு வயது வரைக்கும் இதைத்தான் செய்தோம். கடையில் விற்கும் மரச்சாமான் செட்டுகளின் விலையைப் பார்த்து முக்கால்வாசிப் பேர் பயந்துவிடுகிறார்கள், அது தேவையே இல்லை. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று என்று 31 எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டினேன். 247-ஐயும் வெட்ட வேண்டாம், துணைக்கால், கொம்பு, சுழியைத் தனி அட்டையில் ஒட்டிக்கொண்டால் போதும். ழ-வின் கடைசி வளைவில் மகனின் விரல் ஒவ்வொரு முறையும் தடுமாறி நிற்கும், மறுபடி மேலேயிருந்து ஆரம்பிப்பான், நான் வாயைத் திறக்கக் கூடாது. நாலாவது நாள் தானாகவே வளைத்து முடித்தான். அத்தை அதைப் பார்த்துவிட்டு, அவர் அப்பா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் படித்ததைச் சொன்னார். எழுத்து கண்ணுக்குப் போவதற்கு முன்னால் விரலுக்குப் போகணும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பாடப்புத்தக முறையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்னதில் உங்கள் உழைப்பு முழுக்கப் பகலில் போகிறது, இதில் முந்தின ராத்திரியிலேயே போய்விடுகிறது. ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்து சாமான்களைத் தட்டுகளில் அடுக்கி வைத்தால் காலையில் பிள்ளை தானாக எடுத்துச் செய்யும், நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் போதும். இரண்டு விஷயம் வேண்டும். தாழ்வான ஒரு அலமாரிக்காவது இடம், அப்புறம் குறுக்கே பேசாத பெரியவர். "அப்படி இல்ல கண்ணு, இப்படி" என்று ஆள் மாற்றி ஆள் திருத்திக்கொண்டே இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் இது நடக்காது. ஏழு எட்டு வயதுக்கு மேல் இதை வீட்டில் தொடர்வதும் கஷ்டம், மூத்த பிள்ளைகளுக்கான சாமான்களைச் சரியாகக் காட்டிக்கொடுக்கப் பயிற்சி வேண்டும்.

எங்கள் வீட்டில் அதிக காலம் நின்றது சார்லட் மேசன் முறைதான், என் சாய்வு இந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1923-ல் இறந்துபோன ஆங்கிலேய ஆசிரியை அவர். சின்னப் பிள்ளைக்குப் பாடம் கால் மணிக்கு மேல் போகக் கூடாது, சுருக்கிக் கொடுத்த பாடநூலை விட உயிருள்ள நல்ல புத்தகம் வேண்டும், ஒரு முறை வாசித்ததைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், வெளியே போய்ப் பார்த்ததை வரைந்து ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சாரம் இவ்வளவுதான். வேலை செய்கிற அம்மாவுக்கு இதில் இருக்கும் வசதி வேறு எதிலும் இல்லை. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பேன், மகள் அடுப்படிப் படியில் உட்கார்ந்து காலையில் வாசித்ததைச் சொல்வாள். எங்கே திணறுகிறாள், எதை விட்டுவிட்டுத் தாவுகிறாள் என்பதைக் கேட்டாலே எனக்குத் தெரிந்துவிடும், தனியாக டெஸ்ட் வைக்கத் தேவையில்லை. நான் கணக்கு வேலையில் இருக்கும்போது அத்தையிடம் சொல்வாள். அத்தை ஐந்தாவது வரைதான் படித்தவர், ஆனால் "அப்புறம் அவன் என்ன பண்ணினான்?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி போதும், பிள்ளை விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்விடும்.

இதன் குறையும் பெரியதுதான். இணையத்தில் கிடைக்கும் புத்தகப் பட்டியல் முழுக்க இங்கிலாந்தும் அமெரிக்காவும். அதை அப்படியே வாங்கினால் பிள்ளைக்கு ராபின் பறவை தெரியும், வேலியில் நடக்கும் செம்போத்து தெரியாது. தமிழில் நாமே தேட வேண்டும், கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆறிலிருந்து ஒன்பது வயதுக்கு வாய்விட்டு வாசிக்கிற அளவுக்கு நீளமான தமிழ்ப் புத்தகம் குறைவுதான், அந்த இடத்தை அத்தை சொன்ன கதைகள் நிரப்பின. கணக்குக்கு இந்த முறையை நம்ப வேண்டாம், அதற்கு சமச்சீர் கணக்குப் புத்தகமே போதும் என்பது என் அனுபவம்.

வால்டோர்ஃப் பற்றியும் கேட்பார்கள். ருடால்ஃப் ஸ்டைனர் 1919-ல் ஜெர்மனியில் ஆரம்பித்தது. ஏழு வயது வாக்கில்தான் எழுத்து, அதுவரை கதை, பாட்டு, கைவேலை. அழகான முறை, ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அ, ஆ தெரியாது என்றால் நம் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்டே தீர்ப்பார்கள், அதைத் தாங்கும் மனது உங்களுக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்ஸ்கூலிங் தான் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது. 1977-ல் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்கர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. பாடத்திட்டம் கிடையாது, பிள்ளையின் ஆர்வம் போகும் வழியில் பெரியவர் கூடவே போக வேண்டும். பாடம் நடத்த வேண்டாம் என்பதால் பெரியவருக்கு வேலை இல்லை என்று நினைத்து நிறைய பேர் இதை எடுக்கிறார்கள், இதுதான் எல்லாவற்றிலும் அதிக நேரம் கேட்கும் முறை. நாத்தனார் வீட்டில் இது நன்றாக நடக்கிறது, காரணம் வீட்டோடு சேர்ந்து மோட்டார் ரீவைண்டிங் பட்டறை இருக்கிறது. பதினோரு வயதுப் பையன் செம்புக் கம்பி எத்தனை சுற்று, எந்த கேஜ் (கம்பியின் தடிமன்) என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டே பெருக்கல், வகுத்தல், தசமம் எல்லாம் பிடித்துக்கொண்டான். பில் எழுதி எழுதித் தமிழ் எழுத்து வந்துவிட்டது. அதே முறையை எங்களுக்குத் தெரிந்த இன்னொரு குடும்பம் அடுக்குமாடி வீட்டில் செய்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் லேப்டாப் முன்னால். பையனின் ஆர்வம் போன வழி செல்போன் ஒன்றுதான், ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். தோட்டமோ கடையோ பட்டறையோ, பிள்ளையின் கண்முன்னால் நாலு பேர் வேலை செய்யும் இடம் ஒன்று இருந்தால் அன்ஸ்கூலிங் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

முறை எதுவானாலும் பன்னிரண்டு வயதில் சான்றிதழ் கேள்வி வந்து நிற்கும். இங்கே மூன்று வழிகளை ஒப்பிட வேண்டும்.

என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், தமிழை எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு, பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. மகள் அக்டோபரில் இரண்டு, ஏப்ரலில் மூன்று என்று பிரித்து எழுதினாள். மாநில வழியில் 12½ வயது நிறைந்ததும் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு, பிறகு பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், அந்த அறிவிப்பு வரும் நாட்களைத் தவறவிட்டால் அந்த வருடமே போயிற்று, எனவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தமிழ்வழியில் படிக்கிற, கையில் சமச்சீர் புத்தகம் இருக்கிற பிள்ளைக்கு இதுவே நேர் வழி. பத்தாம் வகுப்புக்கு இணையான சர்வதேசத் தேர்வு, கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ., மூன்றாவது. தனித்தேர்வரைச் சேர்த்துக்கொள்ளும் மையத்தை நாம் தேடிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் ஆயிரக்கணக்கில் ஆகும், வெளிநாட்டுக் கல்லூரி எண்ணம் இல்லாத வீட்டுக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் எடை போடுங்கள். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-லிருந்து இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைப் பார்த்துத் தரப்படுபவை. வீட்டில் படித்த பிள்ளைக்கு இவை கிடையாது. காசு கணக்குப் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு இது சின்ன இழப்பில்லை. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்று 2018-ல் ஒரு விதி வந்தபோது நாங்கள் எல்லோரும் பதறினோம், டெல்லி உயர் நீதிமன்றம் அதை அந்த வருடமே ரத்து செய்தது. இப்படி விதிகள் மாறும் என்பதால், சேர நினைக்கும் கல்லூரியில் இரண்டு வருடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி இது சரியா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் வைக்கவில்லை. வீட்டுக்கல்வி என்ற ஒன்றை அந்தச் சட்டம் பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. எனக்குத் தைரியம் தருவது 4-ஆம் பிரிவு: ஆறு வயதுக்கு மேல் பள்ளியில் சேராமல் இருந்த பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரும்பும் கதவு திறந்தே இருக்கிறது.

இப்போது அந்தக் கதவைத்தான் தட்டியிருக்கிறோம். மகனுக்குக் கபடி விளையாட ஆள் வேண்டும், பள்ளிக்குப் போய்ப் பார்க்கிறேன் என்கிறான். போன வாரம் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தான். "சரிப்பா, போதும்" என்றார் டீச்சர். அவன் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே அதில் இருந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.