பப் மூலையா, கச்சேரி மேடையா?

நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் ஐரிஷ் நாட்டுப்புற இசையைக் கேட்க இரண்டு வழி: அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் உள்ள டூலின் போன்ற ஊர்களில் பப் மூலையில் நடக்கும் 'செஷன்', அல்லது கச்சேரி மேடை.

செஷனில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பாதிப் பேர் நமக்கு முதுகைக் காட்டியபடிதான் வாசிப்பார்கள். ஒருவர் ஃபிடிலில் (வயலின்தான்) ஒரு ரீல், அதாவது வேகமான நடன மெட்டு, எடுப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பெரும்பாலும் எட்டு பார் (தாளக் கூறு) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை. முழு மெட்டும் இரண்டு மூன்று சுற்று வந்ததும் ஒரு தலையசைப்பு, நிற்காமலே அடுத்த மெட்டுக்குத் தாவல். மெட்டு ஒன்றுதான், நகாசு ஆளுக்கொன்று. பவ்ரான் மேளம் மட்டும் இரண்டாவதாக ஒன்று வந்தால் முகம் சுளிப்பார்கள் (நியாயம்தான்).

மேடையில் எல்லாம் ஒத்திகை பார்த்தது. 1962-இல் டப்ளினில் பாடி மொலோனி தொடங்கிய 'தி சீஃப்டன்ஸ்' குழுவில் யார் எப்போது நுழைவது, ஒதுங்குவது என்பதுவரை கோத்து வைத்திருந்தார்கள். முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இலன் பைப்பின் நுணுக்கம் அங்கே துல்லியமாகக் கேட்கும். பப்பின் கிளாஸ் சத்தத்தில் பாதி போய்விடும்.

எனக்குச் செஷன்தான். புதிதாகக் கேட்பவருக்கு மேடையைச் சொல்வேன். வாசிக்கத் தெரிந்தவரா? பப்புக்குப் போங்கள், முதல் நாள் மட்டும் ஃபிடில் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்து கேளுங்கள்.