2 டெராபைட் என்று நம்பி வாங்கினோம், மகளின் 15 மாதப் படங்கள் போய்விட்டன

படங்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் என்று ஒரு போலிப் பொருளை, ஒரு வாரச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி ஏமாந்திருக்கிறோம். பணத்தோடு எங்கள் மகளின் 15 மாதப் படங்களும் போய்விட்டன. விஷயம் தெரிந்து ஆறு நாள் ஆகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சின்னக் குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் செல்போன் நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். நாளைக்கே நீங்களும் இதே பொருளைத் தேடுவீர்கள். அதனால்தான் உடனே எழுதுகிறேன். வாங்கியதும் எப்படிச் சோதிப்பது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மகளுக்கு 22 மாதம். மூன்று நாள் கடற்கரைக்குப் போய்வர ஏற்பாடு செய்திருந்தோம். என் போன், கணவரின் போன் இரண்டிலும் இடம் இல்லை. லேப்டாப்பும் சிறியது. மாதாமாதம் கட்டணம் செலுத்தி இணையத்தில் சேமிப்பதைவிட, ஒரே தடவை செலவழித்து எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. (கேபிளில் செருகிப் படங்களைச் சேமிக்கும் வேகமான சிறிய டிஸ்க்) ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். வீட்டுக்கு வேண்டிய பாதிப் பொருள்களை நாங்கள் வாங்கும் ஆன்லைன் விற்பனைத் தளம்தான். 2 டெராபைட் (அதாவது சுமார் 2,000 ஜிபி), உலோக உடல், நாலரை நட்சத்திரம். பெயர் பெற்ற நிறுவனங்களின் விலையில் பாதிக்கும் குறைவு. அந்த இடத்திலேயே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பாதி விலையே எங்களுக்கு ஒரு வாரச் சம்பளம். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் பொருள் போலியாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பெட்டியைப் பிரித்ததும் கணவர் கையில் வைத்து எடை பார்த்தார். "கனமாக இருக்கிறது, நல்ல பொருள்தான்" என்றார். லேப்டாப்பில் செருகியதும் 2 டெராபைட் என்றே காட்டியது. மாதவாரியாகப் போல்டர் போட்டு, பிறந்த நாளிலிருந்து வரிசையாக 190 ஜிபி ஏற்றினார். நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. கேபிள் பழையது, அதனால்தான் வேகம் இல்லை என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். முடிந்ததும் முதல் போல்டரைத் திறந்து பார்த்தோம். மருத்துவமனைத் துணியில் சுற்றிய படம், கண் திறக்காத படம், எல்லாம் பளிச்சென்று வந்தன. "நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. நீ போனில் நீக்கிவிடு" என்றார். நீக்கினேன். நீக்கிய பிறகும் இடம் கூடாததால் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அதைச் சும்மா விட்டிருந்தால் 30 நாள் வரை படங்கள் அதிலேயே இருந்திருக்கும். அந்தப் பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது. இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

பயணம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்த இரவு, அலையைப் பார்த்து அவள் ஓடியதையும் போன வருடம் எடுத்து வைத்த முதல் அடியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று கணவர் அந்த டிஸ்க்கைச் செருகினார். முதல் அடி வீடியோ ஓடவில்லை. அடுத்தது ஓடவில்லை. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது. திறந்தால் ஒன்றுமே இல்லை. ஏழாம் மாதம் வரை எல்லாம் திறந்தது. அதற்கு அடுத்து ஒரே ஒரு படம் பாதி திறந்தது. மேல் பாதியில் அவள் முடியும் கண்களும். மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது, முதல்முறை "அப்பா" என்று கூப்பிட்டது எதுவும் இல்லை.

தரவு மீட்கும் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் கையில் எடுத்ததுமே உதட்டைப் பிதுக்கினார். எங்கள் கண் முன்னே மூடியைக் கழற்றினார். உள்ளே முக்கால்வாசி காலி. ஒரு சின்னப் பலகையில் நகத்தளவு மெமரி கார்டு, அதன்மேல் பசை. பக்கத்தில் ஒரு தட்டையான இரும்புத் துண்டு ஒட்டியிருந்தது. கனத்துக்காக! கணவர் எடை பார்த்து மெச்சியது அந்த இரும்பைத்தான்.

கார்டு 64 ஜிபி. உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லைத் திருத்தி, கணினியிடம் 2 டெராபைட் என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். 64 ஜிபி வரை ஒழுங்காக எழுதுகிறது. அதற்கு மேல் வருவதை வாங்கிக்கொள்வதுபோல் பாவனை காட்டிவிட்டு விட்டுவிடுகிறது. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால் எல்லாம் இருப்பதாகவே தெரியும். நாங்கள் திறந்து சரிபார்த்ததும் அந்த உண்மையான தொடக்கப் பகுதியைத்தான். "அழிந்ததை மீட்கலாம் அம்மா, எழுதப்படவே இல்லாததை எங்கிருந்து மீட்பது?" என்றார் அவர். போனிலும் வழியில்லை. இன்றைய போன்களில் தரவு குறியாக்கத்தோடு (சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில்) இருப்பதால், குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டால் திரும்பக் கிடைப்பது அரிதாம்.

இனி அந்தத் தளத்தின் கதை. நாங்கள் கண்டுபிடித்தது 12-வது நாள், திருப்பி அனுப்பும் காலம் 10 நாள். முதலில் பேசியவர், "ஒருமுறை ஃபார்மட் செய்து பாருங்கள்" என்றார். இரண்டாமவர் லேப்டாப்பில்தான் கோளாறு என்றார். மூன்றாமவர், நான் ஆதாரமாக அனுப்பிய திரைப் படத்தையே எடுத்துக்கொண்டு, "இதில் 2 டெராபைட் என்றுதானே காட்டுகிறது, பொருள் சரியாக வேலை செய்கிறது" என்றார். நான்காமவர் அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். என் மகளின் முதல் அடி போய்விட்டது என்று சொன்னதற்கு, "உங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி வந்தது. விற்பனையாளரோ, ஒற்றை நட்சத்திர மதிப்புரையை நீக்கினால் பாதிப் பணம் தருகிறேன் என்று செய்தி அனுப்புகிறார். ஒரு வாரச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறார். நீக்க மாட்டேன்.

அந்த நாலரை நட்சத்திரத்தையும் இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். "சீக்கிரம் வந்தது", "அழகாக இருக்கிறது", "பரிசளிக்க ஏற்றது". எல்லாம் கைக்கு வந்த நாளில் எழுதியவை. சில மதிப்புரைகள் போன் உறையைப் பற்றியவை! பதினோராம் பக்கத்தில் ஒருவர், "60 ஜிபிக்கு மேல் போட்டது எதுவும் திறக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். 2 டெராபைட் வாங்குகிறவர் அதை நிரப்ப ஆண்டுக்கணக்காகும். அதற்குள் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிடும். இந்த வியாபாரமே அதை நம்பித்தான் நடக்கிறது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். குழந்தை விழித்துவிட்டாள், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விலை பாதி என்றால் வாங்காதீர்கள். வாங்கினால் அன்றைக்கே சோதியுங்கள். அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன: விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மேக், லினக்ஸுக்கு எஃப்3 (F3), இரண்டும் இலவசம். டிஸ்க்கை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். எங்களுடையதை நண்பர் ஒருவர் பிறகு சோதித்தபோது 58 ஜிபியோடு நின்றுவிட்டது, அந்த 64 ஜிபி கார்டில் உண்மையில் எழுத முடிந்தது அவ்வளவுதான். வேகம் நொடிக்கு 15 எம்பி. நல்ல எஸ்.எஸ்.டி. என்றால் 400-ஐத் தாண்டும். முதல் படத்தைத் திறந்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், கடைசிப் படத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாவது பிரதி வேறோர் இடத்தில் இருக்கும்வரை போனில் எதையும் நீக்காதீர்கள். குப்பைத் தொட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

தாத்தா பாட்டிக்கு அனுப்பிய பழைய செய்திகளைத் துழாவி, இதுவரை 43 படங்களும் மூன்று வீடியோக்களும் தேடி எடுத்திருக்கிறேன். தெளிவு குறைந்தவைதான். முதல் அடி அதில் இல்லை.

இன்று மாலை தளத்தின் புகார்ப் பக்கத்தைத் திறந்தால், எங்கள் புகாரின் எதிரே ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு பைசா திரும்பவில்லை. மறுபடியும் புகார் பதிந்துவிட்டேன், இது ஐந்தாவது.