ஸ்பீட் ஸ்கேட் வாங்குமுன் பிள்ளையின் பாதத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்

திருகோணமலையில் பிள்ளைக்கு இன்லைன் ஸ்பீட் ஸ்கேட் (ஒரே வரிசையில் சக்கரம் பூட்டிய பந்தயச் சப்பாத்து) வாங்க நினைக்கும் பெற்றோர் இதை வாசித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு 84,000 ரூபாய் போனது. மகளின் கணுக்கால் மூன்று வாரம் புண்ணாகிக் கிடந்தது. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

கொழும்பிலிருந்து தருவித்துக் கொடுக்கும் ஒருவரிடம் போனில் பேசினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பள்ளிக்கூடச் சப்பாத்து எத்தினையாம் நம்பர், அண்ணை?" ஆறு என்றேன். "வளர்ற பிள்ளைதானே, ஒண்டு கூட்டி எடுப்பம்" என்றார். சப்பாத்தை நாங்கள் எப்போதும் அப்படித்தானே வாங்குகிறோம், சரி என்றுவிட்டேன்.

முதல் நாள் காலை உட்துறைமுக வீதியில் பத்து நிமிடம்கூட ஓடவில்லை. "அப்பா, குதி மேல வருது" என்றாள். நாடாவை இறுக்கிக் கட்டினோம். விரல்கள் விறைத்தன, குதி நிற்கவில்லை. காலுறையைக் கழற்றினால் உள்கணு எலும்பின் மேல் ஐந்து ரூபாய்க் குற்றியளவு தோல் உரிந்து, காலுறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

விற்றவரைக் கேட்டால், "புதுசெண்டா அப்பிடித்தான், நாலு நாள் போட இளகிடும்" என்றார். இது முழுப்பொய். தோல் சப்பாத்து இளகும். ஸ்பீட் ஸ்கேட்டின் அடியும் குதிப்பகுதியும் பெரும்பாலும் விறைப்பான கார்பன் நார், போட்டுப் போட்டு இளகாது.

பிறகு, சூடாக்கிச் சரிசெய்து தருவதாக 6,000 ரூபாய் வாங்கி, ஸ்கேட்டைக் கொழும்புக்கு எடுப்பித்தார். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். சூட்டில் வளையும் வகையை, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் 80 பாகை செல்சியஸ் அளவில், சூடாக்கி, காலை உள்ளே விட்டு நாடா கட்டி ஆறவிடுவார்கள். கால் இங்கே இருக்க, அங்கே எந்தக் காலுக்கு வளைத்தார்? போனபடியே திரும்பி வந்தது. அதன் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளந்தேன். குதியைச் சுவரோடு ஒட்டி, தாளில் நிற்கவைத்து, பெருவிரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டேன். 238 மில்லிமீட்டர். ஸ்கேட்டின் நாக்கில் 255 என்று இருந்தது. 17 மில்லிமீட்டர் இடைவெளியில் எந்தக் குதி நிற்கும்? மெல்லிய காலுறையோடு நிற்கும்போது விரல் நுனி முன்னால் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். முழங்காலை மடக்கினால் குதி அசையக்கூடாது. வளரும் பிள்ளைக்கு ஐந்து மில்லிமீட்டர் கூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். இரண்டு காலையும் அளந்து, பெரியதைக் கணக்கில் எடுங்கள். அந்தத் தாளைக் கேட்காமல் விலை சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

அந்த ஸ்கேட் இப்போது அலுமாரியில். 250 மில்லிமீட்டரைத் தாண்டிய கால் உள்ள பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள், காசு வேண்டாம். ஆனால் பிள்ளையையும் கூட்டிவாருங்கள், போட்டுப் பார்த்துத்தான் தருவேன்.