குளச்சல் சரி, வழி எது? எல்இடி போர்டு பஸ்ஸுல ஒண்ணரை வருஷ அனுபவம்

சித்தி மவளுக்கு நாகர்கோவில்ல வேலை கிடைச்சிருக்கு. நேத்து ராத்திரி போன்ல "யக்கா, பஸ்ஸ நம்பி போலாமா, இல்ல லோன் போட்டு ஸ்கூட்டி எடுக்கணுமா"ன்னு கேட்டா. நான் சொல்ல ஆரம்பிச்சி முக்கா மணி நேரம் ஆயிடிச்சி, அந்தப் பக்கம் சத்தமே இல்ல, தூங்கிட்டான்னு நினைக்கேன். அதனால எழுதியே வச்சிருதேன்.

பதினோரு வருஷமா திங்கள்சந்தை பக்கத்துல இருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸுலதான் போய்ட்டு வாறேன். கணக்கு எழுதுற வேலை. காலைல எட்டு மணி வண்டி, சாயங்காலம் அண்ணா பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆறேகால் வாக்குல கிடைக்கிற ஏதாவது ஒண்ணு. இரணியல்ல ரயில் ஸ்டேஷன் இருக்கத்தான் செய்யுது, 1979-ல திறந்த லைன், ஆனா ரயில் வாற நேரமும் என் வேலை நேரமும் ஒருநாளும் ஒத்துப்போகல. அதை விட்டுருவோம்.

நல்லத முதல்ல சொல்லிருதேன், இல்லன்னா பொறவு கோவத்துல மறந்துருவேன். 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்ல. எனக்கு மாசம் எழுநூறு எண்ணூறு மிச்சம், அது அப்பிடியே அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போவுது. ஒண்ணரை வருஷம் முன்னாடி எல்இடி போர்டோட வந்த புது வண்டியும் நல்ல வண்டிதான். பழைய வண்டியில ஜூன் மழைக்கும் ஐப்பசி மழைக்கும் உள்ளயே குடைய விரிச்சி உக்காந்திருக்கேன், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டுல்லா, அப்போ வருஷத்துல பாதி நாள் நனைஞ்ச சேலையோடதான் வேலை. புது வண்டி வந்த பொறவு ஒரு சொட்டு ஒழுகல. சீட்டும் குறை சொல்ல முடியாது.

ஆனா அந்த போர்டு இருக்குல்லா, அந்த சவத்த நினைச்சாலே வெப்ராளம் வருது.

நாகர்கோவில்ல இருந்து குளச்சலுக்கு ஒரு வழி இல்ல கேட்டியா. பார்வதிபுரம், சுங்கான்கடை தாண்டி பரசேரியில திரும்பி திங்கள்சந்தை வழியா போற வண்டி உண்டு. ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடுன்னு கடலோரமா போற வண்டியும் உண்டு. ரெண்டுலயும் பெருசா போட்டிருக்கது குளச்சல். குளச்சலுக்கு போறவனுக்கு எதுல ஏறினா என்ன, நடுவுல இறங்குறவதான் சாகணும். வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. எங்க மாவட்டத்துல 2011 மக்கள்தொகை கணக்குப்படியே பதினெட்டரை லட்சத்துக்கு மேல ஆளுங்க, இடம் ஆயிரத்து எழுநூறு சதுர கிலோமீட்டர் கூட கிடையாது, ஒரு ஊர் எங்க முடியுது அடுத்தது எங்க தொடங்குதுன்னு பொறந்து வளர்ந்தவனுக்கே தெரியாது, ஒவ்வொரு முக்குலயும் ஒரு ரோடு பிரியும், அதுல ஒரு பஸ் போவும். இங்க பஸ்ஸுக்கு பேரு முக்கியம் இல்ல, வழிதான் முக்கியம். 1741-ல டச்சுக்காரன் குளச்சலுக்கு வந்து தோத்தான், அவனுக்கு கூட எந்த வழின்னு சந்தேகம் கிடையாது, கடல் ஒண்ணுதான்.

பழைய தகர போர்டுல ஊர் பேருக்கு கீழ சின்னதா வழி எழுதியிருக்கும். தூரத்துல வரும்போதே தெரியும், பெயிண்ட் உரிஞ்சிருந்தா கூட வாசிச்சிரலாம். இப்போ உள்ளது ஓடுற எழுத்து. முதல்ல நம்பர் வரும், பொறவு நாகர்கோவில், பொறவு குளச்சல், அதையே ஒருக்க இங்கிலீஷ்ல, அப்புறம் பைய "வழி"ன்னு வரும், அதுக்குள்ள பஸ் எங்கள தாண்டி பத்தடி போயிருக்கும். சாயங்கால வெயில் நேரா விழுந்தா ஒண்ணுமே தெரியாது. எங்க வண்டி ஒண்ணுல முதல் எழுத்து எரியாது, மாசக்கணக்கா "ளச்சல்"னு ஓடுது. மண்டைக்காடு அம்மன் கோயில் மாசிக் கொடை வந்தா மண்டைக்காடு ஸ்பெஷல் வேற கூட சேந்துக்கும், அந்தப் பத்து நாள் நான் யாரையாவது கேக்காம ஏறுறதே இல்ல.

எனக்கு ஒரு குறுக்கு வழி இருந்திச்சி. வித்து முடிச்ச வெறும் மீன்குட்டையோட அக்காமாரு எதுல ஏறுறாங்கன்னு பாப்பேன், அவங்க ஏறினா அது கடலோர வண்டி, நான் ஏற மாட்டேன். ஒருபாடு நாள் சரியா வந்திச்சி. போன செவ்வாய்க்கிழமை அவங்க எல்லாம் நின்னுட்டே இருந்தாங்க, நான் தைரியமா முன்னாடி நின்ன வண்டியில ஏறி, சீட்டும் கிடைச்சி, கண்ணை மூடிட்டேன். முழிச்சா ராஜாக்கமங்கலம். அந்த அக்காமாருக்கு அன்னைக்கு கூட்டத்துல ஏற மனசில்ல, அடுத்த வண்டிக்கு நின்னிருக்காங்க, அவ்வளவுதான். மண்டைக்காட்டுல இறங்கி ஆட்டோ புடிச்சேன். ஓசியில ஏறின பஸ்ஸுக்கு ஆட்டோக்கு நூத்தம்பது ரூவா.

கண்டக்டர்ட்ட கேட்டேன், "போர்டுல வழி வருமே அக்கா, பாக்கலியா"ன்னாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, நூறு பேரு ஏறுற வண்டியில அவரு எத்தனை தடவை கூவுவாரு. பின்னால இருந்து ஒரு ஆளு, "ஓசியில போற பொம்பளைக்கு போர்டு ஒண்ணுதான் குறை"ன்னான். டிக்கெட் எடுத்த அவனும் திங்கள்சந்தைக்குதான் ஏறியிருந்தான், அவனும் என்கூட மண்டைக்காட்டுலதான் இறங்கினான். நான் ஒண்ணும் பேசல. ஆட்டோல ஷேர் கேட்டான், சேத்துக்கிட்டேன், எழுபத்தஞ்சு வாங்கிட்டேன்.

எந்த டிப்போ வண்டின்னு சொல்ல மாட்டேன், எல்லா எடத்துலயும் இப்பிடித்தான்னு கேள்வி. ஒரே ஒரு டிரைவர் மட்டும் பிஸ்கட் பெட்டி அட்டைய கிழிச்சி, மார்க்கர்ல "திங்கள்சந்தை வழி"ன்னு எழுதி கண்ணாடிக்குள்ள சாத்தி வச்சிருக்காரு. ஸ்டாண்டுக்குள்ள வண்டி திரும்பும்போதே தெரியும், வயசானவங்க எல்லாம் அந்த அட்டையப் பாத்துதான் எந்திரிக்காங்க. இத்தனை விலை போட்டு வாங்கின போர்டு மேல மினுக்கிட்டு கிடக்கு, வேலை பாக்குறது அந்த அட்டை.

எனக்கு பஸ் புடிக்கும். ஜன்னல் சீட்டு, சுங்கான்கடை தாண்டினா வாற காத்து, பதினோரு வருஷமா கூட வாற முகங்க, இது ஸ்கூட்டில கிடைக்காது. காசு கணக்கு பாத்தாலும் பஸ்தான். ஆனா மக்ளே, நீ ஸ்கூட்டியே எடு. இன்னைக்கு என்கிட்ட கேட்டா இதுதான் பதில், ஆட்டோ காசு போன வயித்தெரிச்சல் இன்னும் ஆறல. எடுத்தாலும் மழைக்கு நீ ஸ்டாண்டுக்குதான் வருவ. வந்தா எனக்கு போன் பண்ணு, அட்டை வச்ச வண்டி ஆறு இருபதுக்கு எடுப்பாங்க, டிரைவருக்கு பெரிய மீசை.