லாக்கர்பி வழக்கு: எடின்பரோவா, நெதர்லாந்தா?

1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊரின் மேல் பான் ஆம் 103 என்ற அமெரிக்கப் பயணிகள் விமானம் குண்டு வெடித்துச் சிதறி 270 பேர் இறந்தார்கள். அதில் 11 பேர் கீழே ஊரில் வீட்டில் இருந்தவர்கள். சந்தேகத்துக்குரிய இரண்டு லிபியர்களை ஒப்படைக்க லிபியா மறுத்தது; அவர்களை ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் விசாரிப்பதா, நெதர்லாந்திலா என்ற இழுபறி பல ஆண்டுகள் நீடித்தது.

சட்டம்: இரண்டு இடத்திலும் ஸ்காட்லாந்துச் சட்டம்தான்.

தீர்ப்பு சொல்பவர்: எடின்பரோ என்றால் பொதுமக்களில் 15 பேர் கொண்ட ஜூரி. நெதர்லாந்தின் கேம்ப் ஸைஸ்டில் ஜூரியே இல்லை, மூன்று நீதிபதிகள். செய்திகளைப் படித்துப் படித்து ஊரே ஒரு முடிவுக்கு வந்திருக்கும் என்ற லிபியாவின் பயத்துக்கு இதுவே பதில்.

செலவு: எடின்பரோவில் நீதிமன்றம் தயாராக இருந்தது. ஸைஸ்டில் பழைய விமானத் தளத்துக்குள் நீதிமன்றமும் சிறையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள்: ஸைஸ்ட் தூரம்தான். நியூயார்க், லண்டன் உட்பட நான்கு இடங்களில் திரையில் விசாரணையைக் காட்டினார்கள். நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

குற்றம் சாட்டப்பட்டவர் கைக்குள் இருந்தால் உள்ளூர் நீதிமன்றமே போதும். ஒப்படைக்க மறுக்கிற நாட்டிடம் சிக்கியிருந்தால், ஸைஸ்ட் வழிதான் என் தேர்வு. 1991-இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1999 ஏப்ரலில் வந்து இறங்கியது அதனால்தான். 2001-இல் ஒருவருக்கு ஆயுள் தண்டனை, இன்னொருவர் விடுதலை.