தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: காபி குடிக்க ஏறும் கோபுரம்

திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால், தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டிச் செங்கல் நிறத்தில் உருளையாக உயர்ந்து நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ் கண்ணில் படாமல் இருக்காது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து மருத்துவத்துக்கும் அலுவல்களுக்கும் வந்துபோகும் நம்மவர் பலர், கட்டியவர் யார் என்று அறியாமலே அங்கே பசியாறிச் சென்றிருப்பார்கள். கட்டியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தவர்.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட் சேர்ந்த சிவந்த மசாலா இருக்கும். கட்லெட்டும் அதே நிறம்தான். பழகாத நாக்குக்கு முதல் வாய் வியப்பாகவும் மூன்றாம் வாய் இயல்பாகவும் இருக்கும். விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்து பரிமாறுபவர்கள் அனைவரும் தொழிலாளர் கூட்டுறவைச் சேர்ந்தவர்கள் என்பதும், அந்தக் கூட்டுறவு உருவாகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் முன்னின்றார் என்பதும் பலர் அறிந்தவையே. நான் மதிப்பிட விரும்புவது அவர்கள் ஏறி இறங்கும் கட்டடத்தை.

உள்ளே மாடி என்று தனியாக எதுவும் இல்லை. தரையே ஒரு சாய்தளமாகி, நடுவில் உள்ள உருளைத் தண்டைச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. கழிப்பறை முதலிய வசதிகளெல்லாம் அந்தத் தண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. வெளிச்சுவரை ஒட்டி, ஏற்றத்துக்கு ஏற்பப் படிப்படியாக உயர்ந்தபடி, கட்டுமானத்தோடு சேர்த்தே கட்டிய மேசைகளும் இருக்கைகளும் வரிசையாக இருக்கின்றன. நெருக்கடியான சிறிய மனையில் இத்தனை பேரை உட்காரவைக்க இதைவிடச் சிக்கனமான வழி இருக்குமா என்பது ஐயமே. ஒரே சுற்றளவுள்ள சதுரத்தைவிட வட்டம் அதிக இடத்தை அடைக்கும் என்பது பள்ளிக் கணக்கு. பேக்கர் அந்தக் கணக்கைச் செங்கலில் போட்டுக் காட்டியிருக்கிறார். வளைந்த சுவர் தன் வளைவினாலேயே உறுதி பெறுவதால், நேர்ச்சுவரைவிட மெல்லியதாக இருந்தாலும் தாங்கும்.

சுவரில் ஜன்னல் சட்டமோ கண்ணாடியோ கிடையாது. செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டிய ஜாலியின் வழியாகவே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. வெயிலின் கூச்சம் வெளியே நின்றுவிட, உள்ளே சிறுசிறு கட்டங்களாக ஒளி விழுகிறது. வீதியின் இரைச்சலும் அதே வழியில் வந்துவிடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தின் பக்கத்தில் அமைதியை எதிர்பார்ப்பவர் வேறிடம் பார்க்கலாம். மரமும் இரும்பும் கண்ணாடியும் குறைய, செலவும் குறைகிறது. பூச்சு வேலையைத் தவிர்ப்பது, செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டால் ஏறத்தாழ கால் பங்கு செங்கலை மிச்சப்படுத்துவது, கூரைத் தளத்தில் கான்கிரீட் பயனின்றிக் கிடக்கும் அடிப்பகுதியில் பழைய மங்களூர் ஓட்டைப் பதிப்பது என அவர் கையாண்ட முறைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது ஒரே கேள்வி: இது இல்லாமல் முடியுமா? ஐந்து மைல் சுற்றுவட்டாரத்துக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னது தம்மை மாற்றியதாக அவரே கூறியிருக்கிறார்.

நிலத்தை அவர் நடத்திய விதத்தை அறிய, காபி ஹவுஸிலிருந்து, அதே நகரில் ‘உள்ளூர்’ (Ulloor) என்ற பெயருள்ள பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் வரை போக வேண்டும். பொருளியலாளர் கே. என். ராஜ் தொடங்கிய அந்த நிறுவனத்தின் வளாகத்தை 1970களின் தொடக்கத்தில் பேக்கர் அமைத்தார். மேட்டு நிலத்தைப் பொக்லைன் கொண்டு தட்டையாக்கும் இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறாக, அங்கே கட்டடங்கள் சரிவின் போக்கிலேயே ஏறி இறங்குகின்றன; மரம் குறுக்கிட்ட இடத்தில் சுவர் வளைந்து வழிவிடுகிறது. கணினி மையத்துக்கு இரட்டைச் சுவர்: வெளிச்சுவர் வளைந்து வளைந்து செல்லும் ஜாலி, உள்ளே தனிக்கூடு, இடைவெளி நிழலுக்கு. கல்வி நிறுவனம் ஆதலால் கேட்டுக்கொண்டு உள்ளே செல்வதே முறை. ஸ்ரீகாரியத்தில் உள்ள லயோலா தேவாலயமும் பார்க்கத் தக்கது. பூந்துறை மீனவர் குடியிருப்பில் வீடுகளை நேர்வரிசையில் வைக்காமல் முன்னும் பின்னுமாக விலக்கி அமைத்ததால், ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைக்க வழி பிறந்தது. ஆய்வாளருக்கும் மீனவருக்கும் பயணிக்கும் ஒரே செங்கல், ஒரே கணக்கு.

குறை இல்லாமல் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் முழங்கால் வலி உள்ள முதியவருக்கும் காபி ஹவுஸின் இடைவிடாத சாய்தளம் எளிதானதன்று. அவர்கள் கீழ்ச்சுற்றிலேயே இடம் பிடித்துக்கொள்வது நல்லது. பூசாத செங்கலுக்கும் கேரள மழைக்கும் ஒத்துப்போக, தொடர்ந்த பராமரிப்பு வேண்டும். பெரிய சிக்கல், இந்த முறை வரைபடத்தைவிடக் கொத்தனாரின் கையை நம்பியிருப்பது. பேக்கர் பெரும்பாலும் களத்திலேயே நின்று முடிவெடுத்தவர். இப்போது அவர் பெயரைச் சொல்லி, கான்கிரீட் சட்டகத்தின் மேல் செங்கல் நிற ஓடு ஒட்டி விற்கும் வீடுகளைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது. செலவைக் குறைக்கப் பிறந்த தோற்றத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தால் போதும். மாலை வெயில் சாயும் பொழுதில் சென்று, காலியாக இருக்கும் முதல் மேசையில் அமர்ந்துவிடாமல், மேற்சுற்று வரை நடந்து ஜாலியை ஒட்டி உட்காருங்கள். காபி வந்து சேரச் சற்று நேரமாகும். கொண்டுவருபவர் அத்தனை சுற்றும் ஏறி வர வேண்டும் அல்லவா.